மூணு கோயில் மேரி

பள்ளிபாளையத்தில் இன்பமேரி என்று விசாரித்தால் பாதிப் பேருக்குத் தெரியாது. மூணு கோயில் மேரி என்று கேளுங்கள், வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் விடுவார்கள். சேலத்தில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்ட பிரான்சிஸ் புராட்டஸ்டண்ட். மகள் ஜெஸ்ஸி வாழப் போனது பெந்தெகொஸ்தே வீட்டில். ஞாயிறு காலை முதல் பூசைக்குப் பங்குக் கோயில், அது முடிந்த கையோடு கணவனை அடக்கம் செய்த சபை, வெள்ளிக்கிழமை மகளோடு உபவாசக் கூட்டம். வாரம் முழுக்கத் தறிப்பட்டறையில் நூல் சுற்றுகிறவளுக்கு இத்தனை தெம்பு எங்கிருந்துதான் வந்ததோ!

மூன்று இடத்திலும் அவளுக்கு உட்கார இடம் உண்டு. எங்கள் ஆள் என்று சொல்லத்தான் ஆளில்லை. "நீ செத்தா எந்தக் கல்லறையில வெக்கறது மேரி?" என்று கேலி வேறு. அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் பிரான்சிசுக்குப் பக்கத்தில் படுக்கக்கூடத் தனக்குப் பாத்தியதை இல்லையே என்று ஜெஸ்ஸியிடம் அழுதிருக்கிறாள்.

அந்த ஆடியில் மேட்டூர் நிரம்பி, வந்த தண்ணீரையெல்லாம் அப்படியே காவிரியில் திறந்துவிட்டார்கள். ஆற்றோரத் தெருக்காரர்கள் உடனே காலி செய்ய வேண்டும் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். அரசாங்க முகாம் இருந்தது பக்கத்து ஊரில். தெருவோ அசையவில்லை. மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது. நோன்பு முடிகிறவரை ஊர் எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது. காப்புக் கட்டியிருந்த வேலுமணி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். அவர் பேச்சைத் தெருவில் யாரும் தட்டுவதில்லை.

மேரியின் வீடு அதே தெருவின் கடைசி வீடு. "எல்லை தாண்ட வேண்டாமுங்க. ஊருக்குள்ளயே எடம் பாத்துத் தாரேன், சோறும் தாரேன். எம்பேச்ச நம்பி வாங்க" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். கையில் ஒன்றும் இல்லாமல்தான் கொடுத்தாள்.

பங்குச் சாமியாரிடம் பள்ளிக்கூடம் இருந்தது. பிரான்சிஸ் சபை ஆயரிடம் அறுப்புப் பண்டிகைக்குச் சமைக்கும் அண்டாக்கள் இருந்தன. ஜெஸ்ஸி போகும் சபையின் பாஸ்டரிடம் வேன் இருந்தது, வாலிபப் பிள்ளைகள் இருந்தார்கள். மூவரும் எதிரெதிரே வந்தால் தலையாட்டிக்கொள்வார்கள், அத்தோடு சரி. மேரி மூவரிடமும் தனித்தனியே போய் ஒரே பொய்யைச் சொன்னாள்: "மத்த ரெண்டு பேரும் அப்பவே ஒத்துக்கிட்டாங்க, நீங்கதான் பாக்கி." பிறகு கேட்க வேண்டுமா? மற்றவர்கள் முந்திவிட்டார்கள் என்றால் எந்தத் தேவ ஊழியருக்குப் பொறுக்கும்! மதியத்துக்குள் தெரு மொத்தமும் ஆடு, கோழியோடு பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது.

பந்தியில்தான் வினை வந்தது. இலையில் சோறு விழுந்து, சாம்பாரும் ஊற்றியாயிற்று. சாமியார் சிலுவை போட்டுச் சுருக்கமாகச் செபித்தார். ஆயர் புத்தகத்தைத் திறந்து அச்சில் இருந்ததை ஒன்று விடாமல் வாசித்தார். பாஸ்டர் இரண்டு கையையும் தூக்கினார். தூக்கிய கை இறங்குவதாக இல்லை. குழந்தைகள் அழத் தொடங்கின. சாம்பாரில் ஆடை படிந்தது.

வேலுமணி எழுந்து துண்டை உதறினார். "சோத்துக்காவ எங்க சாமிய உட்டுப்போட்டமுன்னு நாளைக்கு ஊரே பேசும். கெளம்புங்க, நம்மூட்டுக்கே போலாம்."

மூட்டைகள் தூக்கப்பட்டன. ஆறு அந்நேரம் தெருவின் கீழ்ப்படியைத் தொட்டுவிட்டதாகச் செய்தி வந்திருந்தது. இப்போது இவர்கள் திரும்பினால் எத்தனை பேரை இழுத்துக்கொண்டு போகுமோ! அத்தனை உயிரும் தன் வாக்கில் தொங்குவது மேரிக்கு உறைத்தது. ஓடிப்போய்க் கேட்டை மறித்து நின்றாள். கத்தியதென்னவோ வேலுமணியைப் பார்த்து அல்ல.

"ஏனுங்க, மூணு பேருக்கும் சேத்தே சொல்றனுங்க. செபம் அடுப்படியோட நிக்கோணும். பந்தியில சோறு மட்டுந்தான். இன்னும் பிரியமிருந்தா மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே பரிமாறுங்க!"

சொன்னதோடு விடவில்லை. சோற்று வாளி சாமியார் கைக்கும், சாம்பார் வாளி ஆயர் கைக்கும், தண்ணீர்க் குடம் பாஸ்டர் இடுப்புக்கும் போயின. அவர்களை அந்த ஊரில் யாரும் அப்படி அதட்டியதில்லை. பாஸ்டர்தான் முதலில் சிரித்துவிட்டுக் குடத்தோடு நடந்தார். மற்ற இருவரும் பின்னாலேயே போனார்கள்.

அதற்குப் பிறகுதான் மேரி வேலுமணியிடம் வந்தாள். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தைக் காட்டினாள். "உங்காத்தாளும் இங்கதான சாமி இருக்கறா. அவள மொதல்ல கும்புட்டுப்போட்டு உக்காருங்க."

வேலுமணி மரத்தையும் பார்த்தார், வாளியோடு குனிந்து நின்ற சாமியாரையும் பார்த்தார். போய் ஒரு கொத்து வேப்பிலை ஒடித்து வந்து இலையோரம் வைத்தார். கண்ணை மூடித் திறந்தார். பிறகு சப்பணமிட்டு உட்கார்ந்து, "சாம்பார் இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க" என்று ஆயரிடம் கேட்டார். தெருவே உட்கார்ந்தது.

பொழுது சாய்வதற்குள் காவிரி தெருவுக்குள் புகுந்து ஜன்னல் மட்டத்துக்கு ஏறியது. மேரியின் ஓட்டு வீடு அடியோடு சரிந்தது. ஒரு உயிர் போகவில்லை. ஒரு கோழிக்குஞ்சுகூடப் போகவில்லை. தண்ணீர் வடிகிறவரை மூன்று சபைப் பெண்களும் தெருப் பெண்களும் ஒரே அடுப்பைச் சுற்றி நின்று வடித்துக் கொட்டினார்கள். எங்கள் ஊர் அதற்கு முன்னும் பின்னும் அப்படியொரு ருசியான சாம்பாரைச் சாப்பிட்டதில்லை. இதை நான் யாரிடம் வேண்டுமானாலும் சண்டை போட்டுச் சொல்வேன்.

கடைசிப் பந்தியில் சாமியார் எழுந்து, மேரியம்மாவுக்கு எங்கள் கல்லறைத் தோட்டத்தில் இடம் உண்டு என்றார். ஆயர் விடவில்லை, பிரான்சிசுக்குப் பக்கத்து இடம் அவருக்குத்தான் என்றார். எங்களுக்குக் கல்லறையே கிடையாது, அவருக்காக வாங்கிவிடுகிறோம் என்றார் பாஸ்டர். வேலுமணி துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

"யாரும் செரமப்பட வேண்டாமுங்க. மேரியக்கா எங்க தெருக்காரி. எங்க சுடுகாட்டுலயே எடமிருக்குது. மேளதாளத்தோட கொண்டுபோறம்."

பந்தி முழுக்கக் கைதட்டியது. மேரி அழுதாள், சிரித்தாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏஞ்சாமி, என்னய இன்னைக்கே பொதைச்சுப்போடுவீங்களாட்ட இருக்குது! மொதல்ல சாப்புடுங்க, ரசம் ஆறுது."

கை கழுவப் போன ஆயரிடம் மட்டும் பின்னாலேயே போய் மெதுவாகச் சொன்னாள்: "எங்கூட்டுக்காரருக்கு வலது பக்கமா எடம் பாத்துக் குடுங்க. எடது காது கேக்காதுங்க அவருக்கு."