பாஸ்: ஐந்து

நூற்றுக்கு ஐந்து. இந்த மார்க்கை எனக்குப் போட்டது பள்ளிக்கூடம் அல்ல, யூசுப் பாயின் கம்ப்யூட்டர்!

யூசுப் பாய் என் வீட்டுக்கு மூன்று தெரு தள்ளி, மணவாள நகரில் இருக்கிறார். இரண்டு பேரும் கம்பெனி பஸ்ஸில் கும்மிடிப்பூண்டிக்குப் போய் வருகிறோம். எங்கள் ஃபேக்டரி பாஸ்கெட்பால் டீமுக்கு அவர்தான் கேப்டன். மூன்று முறை ஃபைனலில் தோற்றவர். முட்டி தேய்ந்துவிட்டது, இந்த ஃபைனலோடு நிறுத்திவிடுங்கள் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஒரே ஒரு கப்... அவ்வளவுதான் மனிதரின் ஆசை.

போன சனிக்கிழமை, ஃபைனலுக்கு முதல் நாள், அவர் வீட்டுக்குப் போனேன். ஏதோ ஒரு பாஸ்கெட்பால் கேம் சிடியைப் போட்டு, எங்கள் ஐந்து பேரையும் அதில் உருவாக்கி வைத்திருந்தார். என் தொப்பை உட்பட!

அதில் ஒவ்வொரு ஆட்டக்காரனின் குணத்துக்கும் நாமே நம்பர் போடலாம். பந்து கிடைத்தால் தானே அடிப்பானா, அடுத்தவனுக்குக் கொடுப்பானா... என் பெயருக்கு நேரே பார்த்தேன். ஷாட் தொண்ணூற்றைந்து. பாஸ் ஐந்து.

"இன்னா பாய் இது?"

"நீ ஆடறதத்தான் போட்டுக்கீறேன் நைனா. இத்தினி வருசமா பாத்துக்கினுதானே கீறேன்."

சுருக்கென்றது. சிரித்து மழுப்பிவிட்டுக் கிளம்பினேன். வழியெல்லாம் யோசித்தேன்... கடைசியாக யாருக்குப் பந்து கொடுத்தேன்? ஞாபகமே வரவில்லை. சரி, நாளைக்குத் திருந்திவிடுவது என்று முடிவெடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. கடைசி ஐந்து செகண்ட். ஒரு பாயிண்ட் பின்தங்கியிருக்கிறோம். பந்து என் கையில்.

இரண்டு பேர் என்னை மறித்து நிற்கிறார்கள். உள்ளங்கை வியர்த்துப் பந்து வழுக்குகிறது. ரிங்குக்குக் கீழே பாய் – தன்னந்தனியாக! அடிப்பதா, கொடுப்பதா? வெளியே ஒரே கூச்சல். என் மண்டைக்குள் மட்டும் ஐந்து, ஐந்து, ஐந்து...

கொடுத்துவிட்டேன்.

பாய் எனக்கு முதுகைக் காட்டி, ரிங்கையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பந்து அந்த முதுகில் பட்டு வெளியே உருண்டது. ஆட்டம் முடிந்ததென்று விசில் ஊதிவிட்டார்கள்.

"ஏன் பாய் திரும்பி நின்னீங்க?"

"நீ அடிப்பேன்னுதான்! ரெண்டு பேரு உன்ன மறிப்பான். நீ அப்பவும் அடிப்ப, அது உள்ள போவாது. ரிங்குல பட்டு வர்றத நான் புடிச்சுப் போட்டுடுவேன். கம்ப்யூட்டர்ல பத்து தபா ஆடிப் பாத்தேன். பத்து தபாவும் கெலிச்சேன்..."

எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நம் குறையை நம்பியும் சிலர் திட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள் சார். திருந்துவது நல்லதுதான். அதை ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லிவிட்டுத் திருந்தக் கூடாதா?

நேற்று மன்னிப்புக் கேட்கப் போனேன். பாய் காலை நீட்டிக்கொண்டு, கேமில் அதே ஃபைனலை ஆடிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். எனக்குப் பாஸ் – அதே ஐந்து.

"இன்னும் மாத்தலியா பாய்?"

"இதுலயாச்சும் திருந்தாம இரு நைனா... நான் ஒரு கப்பு தூக்கிக்கிறேன்."