திரும்ப இடமில்லாத கால்வாய்

2009 மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை விடிய, நானும் இவரும் நாங்கள் இருக்கிற டேனிஷ் ஊரான ஹோர்சன்ஸில் இருந்து பில்லுண்ட் விமான நிலையத்துக்கு பஸ் ஏறினோம். ஊர் பற்றி எரிகிற நேரத்தில் இவைக்கு உல்லாசப் பயணம் கேக்குதாம் என்று எங்கட ஆட்கள் கட்டாயம் கதைத்திருப்பார்கள். கதைக்கட்டும். இவருடைய தங்கச்சி கலா, புருஷனோடும் இரண்டு பிள்ளைகளோடும் வன்னிக்குள் அகப்பட்டுக் கிடந்தாள். மாசி மாதத்துக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. வேலையால் வந்தால் இவர் ரீவிக்கு முன்னால் குந்தினபடிதான். சோறு ஆறிப்போய்க் கிடக்கும். இங்கிலாந்தில் இருக்கிற என் அண்ணைதான் ஒற்றைக்காலில் நின்றார்.

"ரீவியைப் பாத்துக்கொண்டிருந்தால் அவள் வந்திடுவாளோ? மச்சானைக் கூட்டிக்கொண்டு வா. படகில ஏத்துவம்."

சனிக்கிழமை மத்தியானம் ரக்பி என்ற ஊருக்குக் கிட்ட வாடகைப் படகைத் தந்தார்கள். ஏழடி அகலம், அறுபதடி நீளம். உள்ளே எதிரெதிரே வந்தால் ஒருவர் வயிற்றை எக்கத்தான் வேண்டும். மணிக்கு நாலு மைலுக்கு மேல் ஓடக்கூடாது. சுக்கான் தடியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் போகும். அண்ணை இரண்டு தரம் கரைப் பற்றைக்குள் கொண்டுபோய்ச் செருகினார்.

"அண்ணை, நீங்கள் கார் ஓடுறதும் இப்பிடித்தானோ?" என்று கேட்டேன். இவர் சிரித்துவிட்டார். எத்தனை மாதத்துக்குப் பிறகு கண்ட சிரிப்பு!

ஞாயிறு காலை பிரோன்ஸ்டன் என்ற கிராமத்தைத் தாண்டினோம். அங்கே கால்வாய் மேடு ஏறுகிறது. படகைத் தொட்டிக்குள் விட்டு, கதவைச் சாத்தி, தண்ணீரை நிரப்பினால் அது மேலே எழும்பும். இதற்கு லொக் என்று பெயர். அங்கே வரிசையாய் இருந்த ஆறு லொக்கும் ஏறினபோது எனக்குக் கை கழன்றுபோச்சு. மேலே, கால்வாய் ஒரு நீளச் சுரங்கத்துக்குள் நுழைகிற வாசலுக்குக் கிட்ட, என் போன் அடித்தது. ஹோர்சன்ஸில் இருந்து மகள். அவள் டேனிஷில்தான் கதைப்பாள். அன்றைக்கு அழுகையோடு தமிழில் கதைத்தாள்.

"கலா மாமி எடுத்தவா! வவுனியா முகாமில இருந்து. அப்பாவின்ர நம்பரைக் குடுத்திட்டன். இரண்டு மணித்தியாலத்தால அப்பாவுக்கு எடுப்பாவாம். ஆரோ ஒராளின்ர போனாம்..." அதோடு லைன் அறுந்துவிட்டது. இரண்டு பக்கமும் உயர்ந்த மண்கரை. போனில் ஒரு சிக்னல் கோடும் இல்லை.

இவர் படகின் கூரையில் தலையைச் சாய்த்து அழுதார். "இருக்கிறாள். தங்கச்சி இருக்கிறாள்."

"கீழ கிராமத்தில லைன் நல்லா இருந்தது. படகைத் திருப்புவம்" என்றார் அண்ணை.

எங்கே திருப்ப? படகு அறுபதடி, கால்வாய் அதில் பாதியும் இல்லை. வரைபடத்தைப் பார்த்தோம். திருப்புகிற இடம் சுரங்கத்துக்கு அப்பால் இரண்டு மைல். சரி, போய்த் திருப்பிக்கொண்டு வருவோம் என்று இருட்டுக்குள் நுழைந்தோம். சுரங்கக் கூரையில் இருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டி மூன்று பேரும் நனைந்தோம். திருப்பும்போது படகின் மூக்கு சேற்றில் இறுகி, தடியால் குத்தித் தள்ளி எடுக்க இன்னும் நேரம் போனது. இவர் போனைக் கையில் பிடித்தபடி. அங்கேயும் லைன் இல்லை.

சுரங்கத்துக்குத் திரும்பி வருகிற வழியில், கரைப் பாதையில் நாயோடு நடந்துவந்த ஒரு வெள்ளைக்காரப் பொம்பிளை எங்களைப் பார்த்துக் கை காட்டினா. "காலமை லொக்கில உங்களைக் கண்டனான். நான் இந்த மலைக்கு மேலால நடந்து வந்து, இப்ப வீட்டை போறன்."

அண்ணை விஷயத்தைச் சொன்னார். அவ நின்றுவிட்டா.

"படகை அந்தப் பக்கச் சுரங்க வாசலிலயே கட்டிப்போட்டு நடந்திருக்கலாமே? கிராமம் கால் மணித்தியால நடைதானே."

எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஊறின பழக்கம்: வெளிக்கிட்டால் எல்லாரும் ஒன்றாய் வெளிக்கிடுவது, ஒரு ஆளைத் தனிய விடாதது. அந்த அறுபதடி இரும்பையும் எங்களில் ஒருவராய் எண்ணி இழுத்துக்கொண்டு திரிந்தோமே, பாவிகள்!

இவர் கரைக்குப் பாய்ந்து மலைப்பாதையில் ஓடினார். ஐம்பத்திரண்டு வயது, முழங்கால் நோ வேறு. நானும் அண்ணையும் படகோடு சுரங்கத்தைக் கடந்து, லொக் எல்லாம் இறங்கி வர, இவர் பாலத்தடி மர வாங்கில் குந்தியிருந்தார். போனை என் காதில் வைத்தார்.

இவர் ஓடிக்கொண்டிருக்கையிலேயே கலா எடுத்திருக்கிறாள். எடுக்க ஆள் இல்லாதபோது, தகவல் சொல்லுங்கள் என்று டேனிஷில் ஒரு பொம்பிளைக் குரல் வருமே, அதை அவள் ஆளென்று நினைத்துவிட்டாள்.

"அக்கா, எனக்கு உங்கட பாஷை விளங்கேல்லை. அண்ணையைக் கொஞ்சம் கூப்பிடுங்கோ அக்கா... நிக்கிறியளோ?... அண்ணை இல்லையெண்டால், கலா வந்திட்டாள் எண்டு சொல்லுங்கோ. நான் மட்டும்தான் வந்தனான் எண்டு சொல்லுங்கோ. பின்னால ஆக்கள் நிக்கினம். வைக்கிறன் அக்கா."

நம்பர் விழவில்லை. திருப்பி எடுக்க வழியில்லை.

அடுத்த நாளே ஹோர்சன்ஸ் வந்து சேர்ந்தோம். ரயிலடியில் சைக்கிள்கள், மழை, எல்லாம் போட்டது போட்டபடி. இவர் சப்பாத்தையும் கழற்றாமல், மகளைக் கேட்டு, போனில் இருந்த டேனிஷ்காரியின் குரலை நீக்கிவிட்டுத் தன் குரலைப் பதிந்தார். பக்டரியில் கூட வேலை செய்கிறவர்கள் எடுத்தாலும் இப்போது அதுதான் கேட்கும். ஒன்றும் விளங்காமல் கொஞ்சம் நின்றுவிட்டு வைக்கிறார்களாம்.

"கலா, அண்ணைதான். வைச்சிடாதை. கதை அம்மா, கேட்டுக்கொண்டு நிக்கிறன்."