ரசீதில் ஒரு தேதி

தையல்கார அக்கா யாரையும் லேசில் நம்ப மாட்டார். மூன்று வருடம் முன்பு புற்றுநோய் ஆராய்ச்சிக்கென்று தெருப் பெண்களிடம் ரத்தம் எடுத்துப் போனவர்கள், முடிவு சொல்லத் திரும்பவே இல்லை. ரத்தம் கொடுத்த அவர் தங்கைக்கு நோய் முற்றிய பிறகுதான் தனக்குப் புற்றுநோய் என்பதே தெரிந்தது.

இப்போது வேறொரு ஆராய்ச்சிக்காரி நிதி விண்ணப்பத்தோடு கடைக்கு வந்திருந்தாள். தெருவின் சார்பில் அக்கா கையெழுத்துப் போட்டால்தான் நிதி கிடைக்கும். நாளை கடைசி நாள்.

"நாங்க அப்படிப்பட்டவங்க இல்லக்கா."

"அவங்களும் இதேதான் சொன்னாங்க, கண்ணு."

அக்கா ரசீதுப் புத்தகத்தை அவள் பக்கம் தள்ளினார். "ஒரு சட்டைத் துணி வாங்கினாலே, தர்ற தேதிய எழுதிக் கொடுக்கிறேன். நீ ரத்தம் வாங்கப் போற. முடிவு என்னைக்குன்னு எழுது."

"மேலிடத்துல கேக்கணும்கா."

"கேட்டுட்டு வா. பேனா இங்கதான் இருக்கும்."

அக்கா மறுபடி தைக்கத் தொடங்கினார். அவள் வாசலில் நின்று போனில் பேசினாள். என்ன பேசுகிறாள் என்று கேட்க, அக்கா ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தினார்.