தட்டை வைப்பது வரைதான் வேலை

ஆஸ்பத்திரியில் அவளைக் கடுகு என்றுதான் கூப்பிடுவார்கள். உயரத்துக்கு வைத்த பெயரா, வாய்க்கு வைத்த பெயரா, தெரியாது. இரண்டுக்கும் பொருந்தியது.

வார்டு உதவியாளர் வேலை அவளுக்கு. சாப்பாட்டுத் தட்டைக் கட்டிலருகே வைக்கவேண்டும், அரைமணி கழித்து எடுக்கவேண்டும். பதினாலாம் கட்டில் தையல்காரருக்குக் கை நடுக்கம். பார்க்க வர ஆளில்லை. மூன்று நாள் தட்டு அப்படியே திரும்பியது. நான்காம் நாள் வேலை முடிந்ததும் கடுகு ஸ்பூனை எடுத்தாள்.

"வாயைத் தொறங்க. எனக்கு வீடு வாசல் இல்லைன்னு நினைச்சீங்களா?"

திட்டிக்கொண்டேதான் ஊட்டினாள். அவரைப் பிடித்திருந்தது என்றும் சொல்ல முடியாது. பிறகு அவள் ஊட்டிவிட இன்னும் இரண்டு நோயாளிகள் சேர்ந்தார்கள்.

பெரிய அதிகாரி ஒருநாள் அதைப் பார்த்துத் தொலைத்தார். மறுநாள் பலகையில் உத்தரவு தொங்கியது: இனி எல்லா உதவியாளரும் வேலை முடிந்தபின் ஊட்டிவிட்டே போகவேண்டும்.

"புண்ணியம் வேணும்னா நீ தேடிக்கோ. எங்க தலையில ஏன்டி கட்டுற?" என்றாள் மூத்த உதவியாளர். அவள் வீட்டில் படுத்த படுக்கையாய் மாமியார். அன்று மாலை கடுகின் பை தரை துடைக்கும் வாளிக்குள் ஊறிக் கிடந்தது. பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு அதிகாரியிடம் போனாள்.

"நல்ல காரியம்தானே? எல்லாரும் செய்யட்டுமே."

"நான் குடுத்தது என் நேரம் சார். நீங்க எடுக்கிறது அவங்க நேரம்."

அவர் முகம் கறுத்தது. "அப்ப நீயும் நிறுத்து. நீ மட்டும் செஞ்சா மத்தவங்க மேல புகார் வரும்."

நிறுத்துவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பலகையிலிருந்து உத்தரவை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் உடை மாற்றும் அறையில் அவளுக்கு யாரும் இடம் நகர்ந்து கொடுக்கவில்லை. "அதிகாரிகிட்டயே நேரா போறவளாச்சே" என்று காதுபடப் பேசினார்கள்.

மறுநாள் வேலை முடிந்து, உடை மாற்றி, வெளியே போய், பார்வையாளர் வரிசையில் கடைசி ஆளாக நின்றாள் கடுகு. அனுமதிச் சீட்டு எழுதுகிறவர் அவளை நன்றாகத் தெரிந்தவர்தான்.

"பதினாலுக்கு நீ என்ன உறவு?"

"தங்கச்சி. எழுதுங்க."

எதிரே வந்த மூத்த உதவியாளர் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உள்ளே தையல்காரர், சாப்பாடு ஆறிப்போச்சு என்று எரிந்து விழுந்தார்.

"ஆறினா என்ன, முழுங்குங்க" என்றாள் அவள்.