லமாராவின் மேசையில் ஒரு கெட்டுப்போன ஒயின்

காலிக் குவளையை மூக்கருகே கொண்டுபோய் முகர்கிறார் லமாரா. முகம் சுளிக்கிறார். "சோப்பு நாத்தம். இதுல ஊத்துனா என் ஒயினைத் திட்டுவீங்க." வேறொன்றை எடுத்து, அதையும் முகர்கிறார். எதிரே நிற்கிறவர் காத்திருக்க வேண்டியதுதான்.

மே மாதத்தில் திபிலிசியின் குன்றுப் பூங்காவில் புது ஒயின் திருவிழா. சின்னத் தோட்டக்காரர்கள் ஆளுக்கொரு மேசை போட்டு, வருகிறவர்களுக்குச் சுவைக்கக் கொடுப்பார்கள். யாருக்கும் பெயர் தெரியாத மேசையாகத் தேடிப் போவது என் வழக்கம். போன ஆண்டு அப்படிக் கண்டுபிடித்ததுதான் இமெரெத்தி வட்டாரத்திலிருந்து வரும் லமாராவின் வெளிர்மஞ்சள் ஒயின். பச்சை ஆப்பிளைக் கடித்ததுபோல் பல் கூசியது. இந்த ஆண்டு நேராக அவரிடம்தான் போனேன்.

வயது நாற்பத்தைந்து இருக்கும். சிரித்தால் ஒரு தங்கப்பல். அடுத்த மேசையில் தாடி வைத்த ஒருவர், பௌர்ணமியன்று பிழிந்ததாகவும் தேவாலய மணியோசை கேட்டு வளர்ந்ததாகவும் தன் ஒயினைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். லமாராவிடம் ஓர் இளம் ஜோடி அதே ஆவலுடன் கேட்டது: "இதுல என்ன ரகசியம்?"

"ஈஸ்ட் செஞ்ச வேலை. காத்து உள்ள போகாம நான் பாத்துக்கிட்டேன். அவ்வளவுதான்."

"என்ன ருசி தெரியணும்?"

"நாக்கு உங்களோடது. என்னைக் கேக்குறீங்க?"

இப்படிப் பேசுகிறவரை எனக்குப் பிடிக்காமல் எப்படிப் போகும்?

ஊரில் லமாராவின் மாமனார் ஷாலிகோவின் ஒயின் அறையில், கழுத்துவரை மண்ணில் புதைத்த இரண்டு தாழிகள் இருக்கின்றன. தாழி நிரம்பியிருக்கும்போது அந்த அறையில் பெண் கால் பட்டால் ஒயின் கெட்டுவிடும் என்பது அந்த வீட்டுச் சட்டம். ஆனால் தாழி காலியானதும் செர்ரி மரப்பட்டைத் துடைப்பத்தோடு உள்ளே இறங்கித் தேய்த்துக் கழுவுவதற்கு, கல்யாணமான நாளிலிருந்து லமாராதான். "தேய்க்கும்போது தீட்டு இல்ல, நிரம்புனதும் தீட்டு வந்துரும்," என்று தங்கப்பல் தெரியச் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எந்த நாட்டுக்குப் போனாலும் இந்தச் சட்டத்தை எழுதியவன் கழுவாதவனாகவே இருக்கிறான்.

கணவர் போலந்துக்கு லாரி ஓட்டப் போனார். பெரியவரின் முழங்கால்கள் மக்கர் செய்தன. வேறு வழியில்லாமல் ஒயின் போடும் வேலைக்கு லமாராவே அந்த அறைக்குள் போனார். அன்றிலிருந்து இரண்டு அறுவடை முடிந்துவிட்டது. அந்த வீட்டு ஒயினைப் பெரியவர் வாயில் வைக்கவில்லை. இந்த ஆண்டு ஒரு தாழி வினிகராகிப்போனது. உடனே பெரியவரின் தம்பி மகன் நோதார் வந்து நின்றான், தோட்டத்தைத் தான் பார்த்துக்கொள்வதாக. திருவிழா முடிந்ததும் முடிவு சொல்வதாகப் பெரியவர் சொல்லியிருந்தார்.

யாரும் செய்யாத ஒன்றை லமாரா செய்திருந்தார். கெட்டுப்போனதையும் ஒரு குப்பியில் கொண்டுவந்து, நல்லதற்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். "மோந்து பாருங்க. மூடியில பூசுன மண்ணு வெடிச்சு காத்து நுழைஞ்சா இப்படித்தான் ஆகும்."

"மண் பூசியது யார்?" என்று கேட்டேன்.

பின்னால் நாற்காலியில் சோளரொட்டியைப் பிட்டுக்கொண்டிருந்த மாமனாரை ஓரக்கண்ணால் பார்த்தார். என் காதருகே குனிந்தார். "பாத்தாலே தெரியலையா? கை நடுங்குது. நல்ல தாழிக்கு நான் பூசுனேன். இதை நான்தான் பூசுவேன்னு அடம் புடிச்சாரு."

"சொல்லிவிட வேண்டியதுதானே?"

"வயசான மனுசன். நடுச்சந்தையில வச்சா சொல்றது?"

எனக்குக் கோபம் வந்தது. தோட்டமே போகப்போகிறது, இதில் என்ன தாட்சண்யம்? வாயைத் திறப்பதற்குள் நோதார் நண்பர்கள் இருவருடன் வந்துவிட்டான். அந்தக் குப்பியைத் தூக்கிப் பிடித்து, மேசையைச் சுற்றி நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்:

"வாங்க, வாங்க! எங்க அண்ணி உள்ள போனதுக்குச் சாட்சி இதோ! இன்னொரு வருசம் விட்டா இந்த வினிகர்ல ஊரே ஊறுகாய் போட்டுக்கலாம்!"

நண்பர்கள் சிரித்தார்கள். லமாரா அடுத்த குவளையை எடுத்து முகர்ந்தார். காது மடல்கள் சிவந்திருந்தன.

"அதை இங்க குடுடா."

பெரியவர் எழுந்து வந்திருந்தார். குப்பியை வாங்கி முகர்ந்து, மேசைமேல் வைத்தார். அது கிடுகிடுவென்று ஆடித்தான் நின்றது.

"இந்தத் தாழிக்கு மண்ணு பூசுனது நான்."

"பெரியப்பா, நீங்க எதுக்கு அண்ணிக்காக..."

"அவளுக்காகவா? வெடிச்ச மண்ணுல என் விரல் தடம் இருக்குடா. பனிக்காலத்துலயே பாத்துட்டேன். பாத்துட்டு வாயை மூடிக்கிட்டு இருந்தேன்." மூச்சு வாங்கினார். "அவளுக்கும் தெரியும். அவளும் சொல்லல. வர்ற அறுவடைக்கு ரெண்டு தாழிக்கும் அவளே பூசுவா. நீ உன் வேலையைப் போய்ப் பாரு."

நோதார் போன பிறகும் பெரியவர் நாற்காலிக்குத் திரும்பவில்லை. வாங்க வந்தவர்களோடு வரிசையில் நின்று, ஒரு குவளையை எடுத்து மருமகளிடம் நீட்டினார். அது அவர் கையில் நிற்காமல் ஆடியது.

சுவைக்க வருகிறவர்களுக்கு இரண்டு விரல் அளவுதான் ஊற்றுவது. லமாரா இடது கையால் அவர் மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, விளிம்பு வரை ஊற்றினார்.