ஹால்டிஸின் மலிவுத் தோட்டாக்கள்

எங்கள் நுமெடால் பள்ளத்தாக்கில் ஹால்டிஸின் பால் லாரியைத் தெரியாதவர் இல்லை. எவ்வளவு குறுகலான பண்ணை முற்றமாக இருந்தாலும் ஒரே மூச்சில் பின்னோக்கித் திருப்பிவிடுவாள். லாரியில் ரேடியோ போடமாட்டாள். என்ஜின் சத்தத்தைக் கேட்பதே பிடிக்கும் என்பாள். கணவன் இல்லை, இரண்டு நாய்கள் உண்டு. அண்ணனின் பங்கையும் தானே வாங்கிப் பண்ணையைக் காப்பாற்றியதில் கையில் பணம் வற்றிப்போயிருந்தது.

பல நாடுகள் சுற்றிவிட்டு நான் ஊர் திரும்பிய வாரம், பெட்ரோல் பங்கில் என்னைப் பார்த்தாள். கட்டிப்பிடிப்பு, நலம் விசாரிப்பு எதுவும் இல்லை.

"வந்துட்டியா? ஞாயித்துக்கிழமை சும்மாதானே இருக்க? குழிக்கு ஒரு ஆள் வேணும்."

குழி என்பது எங்கள் ரைபிள் சங்கத்தின் சுடுதளத்தில், இலக்குப் பலகைகளுக்குக் கீழே மண் அணைத்து வெட்டியிருக்கும் பள்ளம். உள்ளே இருப்பவர் மேலே பறக்கும் தோட்டாவின் 'படீர்' சத்தத்தைக் கேட்டு, பலகையைக் கீழே இறக்கி, சுட்டவருக்குத் தெரியும்படி துளையில் ஒரு குச்சியைச் செருகி, மறுபடி மேலே ஏற்றவேண்டும். சுடுகிறவர்கள் அறுநூறு மீட்டருக்கு அப்பால், சதுப்பின் மறுகரையில் படுத்திருப்பார்கள்.

அந்த ஞாயிறு சாதாரண ஞாயிறு இல்லை. வசந்தம் பிறந்ததும் சங்கம் முழுவதும் சேர்ந்து ஒரே தொகுதித் தோட்டாவை வாங்கும். ஒரே நாளில், ஒரே வெடிமருந்தில் அடைத்தவை. அடுத்த தொகுதி அதே பெயரில், அதே பெட்டியில் வந்தாலும் அறுநூறு மீட்டரில் வேறு இடத்தில் போய் விழும். தனியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குகிறவர்கள் பாதி நாளைத் துப்பாக்கியைத் திருத்துவதிலேயே கழிப்பார்கள். அதனால்தான் கூட்டாக வாங்குவது, அதனால்தான் வாங்குமுன் சுட்டுப் பார்ப்பது.

இந்த முறை போட்டி இரண்டுக்கு நடுவே. ஒன்று விலை கூடியது, எல்லோரும் புகழ்வது. மற்றது அதன் பாதி விலைகூட இல்லாத, பெயர் தெரியாத மலிவுச் சரக்கு. சங்கத் தலைவர் தோர்கைருக்கு முதலாவதுதான் வேண்டும். ஆடு வளர்ப்பவர், மலிவான எதையும் நம்பாதவர்.

"விலை கூடினது ஜெயிச்சா நான் தொலைதூரம் சுடறத விட்டுடுவேன்," என்று என்னைக் குழியில் கொண்டுபோய் விடும் வழியில் ஹால்டிஸ் சொன்னாள். "வருஷம் பூரா சுட எனக்கு அது கட்டுப்படியாகாது. மாசத்துக்குப் பத்து தோட்டா சுட்டா, காத்து தோட்டாவ எப்படித் தள்ளுதுன்னு படிக்கவே முடியாது."

குரலில் புலம்பல் இல்லை. ஆனால் அவள் பதினாறு வயதிலிருந்து சுடுகிறாள்.

இரண்டையும் அவளே சுடுவது என்று முடிவாகியிருந்தது. சங்கத்தில் அவள் கைதான் அசையாதது, தோர்கைரே ஒப்புக்கொண்டது. எங்கள் சுடுதளத்தில் ஒரு வழக்கம் உண்டு. சுட்டவுடன், குழியிலிருந்து குச்சி காட்டுவதற்கு முன்பே, தோட்டா எங்கே போனது என்று சுட்டவர் வாய்விட்டுச் சொல்லவேண்டும். வாக்கிடாக்கியில் அவள் குரல் வந்துகொண்டே இருந்தது.

"நடு." 'படீர்' சத்தம் அடங்குவதற்குள். பலகையை இறக்கினேன். நடு.

"கொஞ்சம் இடது." இடது.

விலை கூடிய தோட்டாக்களின் துளைகள் பத்தும் என் உள்ளங்கை அளவுக்குள் அடங்கின. உலகின் பெரிய மலைகளையும் பாலைவனங்களையும் பார்த்து நின்றிருக்கிறேன். அவை பிரம்மாண்டமாய் இருந்ததில் ஆச்சரியமில்லை, அப்படித்தான் கேள்விப்பட்டுப் போனேன். இங்கே, கண்ணுக்கு ஒரு புள்ளியாய்க்கூடத் தெரியாத ஒரு பெண், சதுப்பின் குறுக்கே வீசும் குளிர்காற்றின் ஊடாக, என் கைக்குள் பத்துத் துளைகளை வைத்திருந்தாள். ஒவ்வொன்றையும் நான் பார்ப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருந்தது.

பிறகு மலிவுச் சரக்கு. "நடு" என்றாள். குச்சியை மிக உயரத்தில் செருகினேன். "நடு." அதற்குக் கொஞ்சம் கீழே. "நடு." இன்னும் கீழே. பத்து முடிந்தபோது பலகையில் மேலிருந்து கீழே ஒரு நீண்ட கோடு.

"சொன்னேன்ல," என்று தோர்கைரின் குரல் வாக்கிடாக்கியில் கேட்டது. "குப்பை. ஆட்டுக்குப் போடலாம்."

குச்சிகளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒவ்வொன்றையும் நானே செருகியதால் வரிசை நினைவிருந்தது.

"இது சிதறல. படி இறங்கற மாதிரி ஒண்ணு ஒண்ணா கீழ வந்துருக்கு. பக்கவாட்டுல விலகலே இல்ல," என்றேன்.

"வரிசையாவா? நிச்சயமா?" என்றாள் ஹால்டிஸ்.

"சத்தியமா."

பிறகு அவள் கத்தினாள், வேறு யாரிடமோ. "ஸிவெர்ட்! இந்தப் பெட்டிய எங்கேருந்து எடுத்துட்டு வந்த?"

ஸிவெர்ட் எங்கள் சங்கத்தின் வாஃபிள்காரர். ஞாயிறுதோறும் குடிலுக்குள் விறகடுப்பை மூட்டி, மாவு கலந்து வாஃபிள் சுட்டு விற்பது அவர் வேலை. அவர் முனகியது எனக்கும் கேட்டது.

"மேஜைல மாவுச் சட்டி வைக்க இடமில்ல. அடுப்புக்கு மேல இருக்கற தட்டுல தூக்கி வச்சேன். என்ன இப்ப?"

"தோட்டாவ வாட்டி எடுத்துக் குடுத்துருக்க, மனுஷா! சூடான மருந்து வேகமாத் தள்ளும், மேல போகும். வெளிய குளிர்ல ஆற ஆறக் கீழ இறங்கிருக்கு."

"நல்லா வெந்துருந்தா ஜாமும் தரட்டுமா?" என்றார் ஸிவெர்ட். அறுநூறு மீட்டர் தாண்டி, வாக்கிடாக்கி இல்லாமலே சிரிப்பு கேட்டது. தோர்கைர் மட்டும் சிரித்ததாகத் தெரியவில்லை.

அடுத்த பெட்டியை வெளியே பனிமேல் வைத்துக் காத்திருந்தார்கள். பிறகு மறுபடி அவள் குரல். நடு. நடு. வலது ஓரம். நடு. நான் இறக்கினேன், ஏற்றினேன். துளைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. விலை கூடியதைவிடச் சற்றே பெரிய வட்டம், என் விரித்த கையளவு. எங்கோ ஒரு தொழிற்சாலையில் பெயர் தெரியாதவர்கள் அடைத்த மருந்து இது. ஒவ்வொன்றிலும் அவ்வளவு ஒன்றுபோல நிரப்பியிருந்தார்கள்.

எட்டாவதற்கு "நடு" என்றாள். பலகையில் துளை நன்றாகக் கீழே, தனியாக இருந்தது. காட்டினேன். காட்டாமல் இருக்க முடியாதா என்று ஒரு கணம் தோன்றியது உண்மை.

தோர்கைர்தான் முதலில் தொண்டையைச் செருமினார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது, அவர் குரலில் கனிவு இருந்தது.

"விசைய வெடுக்குன்னு இழுத்துருப்ப. இவ்வளவு நேரமா படுத்துக்கிடக்கற. கணக்குல சேக்க வேணாம்."

அவள் ஆமாம் என்றிருந்தால் போதும். எல்லோரும் தலையாட்டியிருப்பார்கள், தோட்டா தப்பித்திருக்கும், அவளுடைய ஆண்டும் தப்பித்திருக்கும்.

"இல்ல," என்றாள் ஹால்டிஸ். "நான் சுத்தமாத்தான் சுட்டேன். அது தோட்டா. சேத்துக்கோ."

மிச்சம் இரண்டும் நடுவில் விழுந்தன. பலகையைத் தோளில் சுமந்துகொண்டு சதுப்பைச் சுற்றி நடந்தேன். குடிலின் முன் எல்லோரும் அதைச் சூழ்ந்து நின்று, அந்த ஒற்றைத் துளையில் விரலை வைத்து வைத்துப் பார்த்தார்கள். ஹால்டிஸ் மட்டும் ஒதுங்கி நின்று காபி குடித்தாள்.

தோர்கைர் வெகுநேரம் குனிந்திருந்தார். "பத்துல ஒண்ணு பொய் சொல்லுது," என்றார் கடைசியில். "போட்டிக்கு ஆகாது. போட்டிக்கு வேணுங்கறவன் நல்லதுல ரெண்டு பெட்டி தனியா வாங்கிக்கட்டும். பயிற்சிக்கு..." நிறுத்தி, அவளைத் திரும்பிப் பார்த்தார். "எது தன் தப்பு, எது தோட்டா தப்புன்னு தெரிஞ்சவங்களுக்கு இது போதும். தெரியாதவங்க இவகிட்ட கேட்டுக்குங்க."

"அப்ப நீ தினம் வரணும் என்கிட்ட," என்றாள் அவள்.

"வாய் மட்டும் குறையல," என்றபடி மலிவுச் சரக்கை வாங்கச் சம்மதித்துக் கையை முதலில் உயர்த்தியது தோர்கைர்தான். பிறகு மற்றவர்கள். ஸிவெர்டின் கையிலிருந்து மாவு சொட்டியது.

நான் வாஃபிளை வாயில் வைக்கும் நேரத்தில் ஹால்டிஸ் படுத்துச் சுடும் பாயைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"எங்க போற? முடிஞ்சுடுச்சே," என்றேன்.

"பெட்டில கொஞ்சம் மிச்சம் இருக்கு. நீ குழிக்குப் போ." காற்றைக் காட்டும் ஈரக் கொடி படபடத்துத் திசை மாறுவதைப் பார்த்தாள். முகம் முழுக்க மலர்ந்திருந்தது. "காத்து இப்பத்தான் நல்லாக் கெட்டுப்போயிருக்கு."