உயர்தரச் சித்திரம்: கண்டதை மட்டும் கீறவும்

பள்ளிக்கூடத்தில் சித்திர ரீச்சர் என்றால், சரஸ்வதி பூசைக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் சோடனை செய்வதற்காக அரசாங்கம் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஆள் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். என்னைப்போல இந்தப் பாடத்தைப் படிப்பித்தவர்களும், படித்தவர்களும், "உதைப் படிச்சு என்ன செய்யப்போறாய்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் நொந்தவர்களும் கொஞ்சம் கிட்ட வந்து இருங்கள். ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தைந்துக்குப் பிறகு, யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவான புங்குடுதீவில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். உங்கள் பாடு பரவாயில்லை என்று தோன்றும்.

அதிபர் தந்த அறை

நான் மாற்றலாகிப் போன பள்ளிக்கூடத்தில் கீழ்வகுப்புகளுக்குச் சித்திரம் இருந்தது, பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கான உயர்தர வகுப்புக்கு இல்லை. அதைத் தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூட அதிபரின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். ஏலாது என்றார். அடுத்த கிழமையும் போய் நின்றேன். அதற்கடுத்த கிழமை நான் வாசலில் தெரிந்ததுமே தலையில் கையை வைத்துக்கொண்டு, உடைந்த வாங்குகள் போட்டிருந்த பின்பக்கத்து அறையின் திறப்பை எடுத்து நீட்டினார். ஒரே ஒரு நிபந்தனை. பத்துப் பிள்ளைகள் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் வகுப்பை மூடிவிடுவார்.

நான் விடுகிற ஆளா? வீடு வீடாக ஏறி இறங்கிப் பத்துப் பேரைச் சேர்த்தேன். பத்தாவதாக வந்தவள் வாசுகி. சேர்ந்தது கடைசி என்றாலும் படம் கீறுவதில் அவள்தான் முதலாவது. பிள்ளைகளும் நானுமாக அறையைக் கழுவி, வாங்குகளுக்கு முட்டுக்கொடுத்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து முடித்த அன்று அதிபர் வந்து எட்டிப் பார்த்தார். நாலு பக்கமும் பார்த்துத் தலையை ஆட்டினார். ஏதோ பாராட்டப் போகிறார் என்று நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நின்றேன்.

"எல்லாம் வடிவாத்தான் கிடக்கு ரீச்சர். வாற கிழமை பரிசளிப்பு விழா, நீர் சோடனையை மறந்திடாதையும்."

ஒரு சீப்புக் கதலி

சித்திரம் படிப்பிப்பதில் எனக்கு ஒரே ஒரு சட்டம்தான். பிள்ளைகள் வாழைப்பழத்தைக் கீறச் சொன்னால் மனதில் இருக்கிற வாழைப்பழத்தைக் கீறுவார்கள். பத்துப் பேரும் ஒரே மாதிரி மஞ்சள் பிறை கீறி வைப்பார்கள். அதனால் முதல் நாளே கரும்பலகையில் பெரிதாக எழுதிப் போட்டேன்: கண்டதை மட்டும் கீறு. பிறகு ஒரு மண்பானையையும் பக்கத்தில் நன்றாகப் பழுத்த ஒரு சீப்புக் கதலியையும் மேசையில் வைத்து, ஒரு கிழமைக்கு ஒருவரும் அதில் கைவைக்கக் கூடாது என்றும் சொன்னேன்.

கிழமை முடிவில் தாள்களை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவராகக் கீறியிருந்தார்கள், தாள்களில் சீப்பும் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டு வந்தது. கடைசி வாங்கு ரவியின் தாளில் பானை மட்டும் தனியாக நின்றது. பக்கத்தில் ஒரு தோல். நிழல் எல்லாம் போட்டு, வெகு கவனமாகக் கீறியிருந்தான். பழம் எங்கே என்று கேட்டேன். முகத்தில் ஒரு கள்ளமும் இல்லாமல் எழும்பி நின்றான்.

"நீங்கள்தானே ரீச்சர் கண்டதை மட்டும் கீறச் சொன்னனீங்கள்? நான் காணேக்க தோல்தான் கிடந்தது."

சந்திக்கடை நீலம்

சண்டையால் யாழ்ப்பாணப் பட்டினத்துக் கடைகளுக்குச் சாமான் வருவதே பெரும்பாடாக இருந்த காலம் அது. அரிசி வந்தால் மண்ணெண்ணெய் வராது. இரண்டும் வந்தாலும் சாயப்போத்தல் வராது. ஆனால் சோதனைத் தாளில் வர்ணம் தீட்டு என்றுதான் இருக்கும். அதற்காக என் பிள்ளைகள் வெறும் பென்சிலோடு போய் இருக்க வேண்டுமா? மஞ்சள்தூள், அடுப்புக்கரி, செங்கட்டித்தூள் என்று கிடைத்ததை எல்லாம் இடித்து அரித்து வேப்பம்பிசினில் குழைத்தோம். நீலத்துக்குத்தான் வழியில்லை. சுற்றிவரக் கடல் கிடக்கிற ஊரில் நீலம் இல்லாமல் எதைத் தீட்டுவது?

சந்திக்கடையில் உடுப்புக்குப் போடுகிற நீலம் இருந்தது. பெட்டியோடு வாங்கினேன். கடல் தீட்டி முடிந்ததும் மறுபடி போனேன். பிறகு வானம் தீட்டத் தொடங்கினோம், இன்னொரு தரம் போனேன். கடைக்காரர் மரியாதையான மனிதர், தேவையில்லாமல் ஒரு கதை கதைக்கமாட்டார். அன்றைக்கு மட்டும் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, தராமல், குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"குறை நினையாதேங்கோ ரீச்சர். நீங்கள் அறை எடுத்துத் தனியத்தானே இருக்கிறீங்கள், ஆரின்ர வேட்டியளை உவ்வளவு தோய்க்கிறீங்கள்?"

கந்தையா அண்ணை கதிரையில் இருந்தார்

உயர்தரத்தில் ஆளைப் பார்த்துக் கீறவும் பழக வேண்டும். அதற்கு ஒரு ஆள் அசையாமல் இருக்க வேண்டும். கேட்டால் எல்லாரும் சிரித்துக்கொண்டே நழுவினார்கள். எங்கள் ஊர்ப்பக்கத்து வீடுகளில் சுவரில் படமாகத் தொங்குபவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும்தானே. போய்ச் சேர்ந்தவர்கள். உயிரோடு இருக்கிறவர் தன் முகத்தைத் தாளில் ஏற்றக் கொடுப்பது, எமனுக்கு அடையாள அட்டை எடுத்துக் கொடுப்பதுபோல.

கடைசியில் பள்ளிக்கூடக் காவலாளி கந்தையா அண்ணை, என் கரைச்சல் தாங்காமல் சம்மதித்தார். முகம் வழித்து, வெள்ளை வேட்டி கட்டி, கதிரையில் நிமிர்ந்து இருந்தார். பிள்ளைகள் காதுவரை வந்துவிட்டார்கள். அதற்குள் யாரோ போய்ச் சொல்லி, அவருடைய மனைவி விறுவிறு என்று வகுப்புக்குள் வந்து நின்றா.

"இஞ்சாருங்கோ, எழும்புங்கோ! பெட்டையள் ரெண்டும் இன்னும் கரைசேரேல்லை, அதுக்கிடையில உங்களுக்குப் படமோ?"

முதலாளி வீட்டுத் தேத்தண்ணீர்

ஆள் கிடைக்காததால் பிள்ளைகளுக்கு வீட்டுவேலை கொடுத்தேன். வீட்டில் எவர் அசையாமல் இருக்கிறாரோ அவரைக் கீறிக்கொண்டு வாருங்கள் என்றேன். அடுத்த கிழமை வாசுகி வகுப்புக்கே வரவில்லை. அப்பா வர்த்தகப் பிரிவுக்கு மாறச் சொல்லிவிட்டாராம். அவள் போனால் ஒன்பது. ஒன்பது என்றால் அதிபர் திறப்பை வாங்கிவிடுவார். அன்று பின்னேரமே அவர்கள் வீட்டுப் படலையைத் திறந்தேன்.

வாசுகியின் அப்பாவை ஊரில் எல்லாரும் முதலாளி என்றுதான் சொல்வார்கள். தெற்கே சிங்கள ஊரான மாத்தறைப் பக்கத்தில் அவருடைய தகப்பன் தொடங்கிய கடையை அவர் நடத்தினார். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கடையை எரித்தார்கள். உடுத்த உடுப்போடு கப்பலில் வந்து இறங்கியவர். எனக்குத் தேத்தண்ணீர் தந்துவிட்டு, பாடத்தில் என்னதான் இருக்கிறது என்று மரியாதையாகக் கேட்டார். பார்த்துக் கீறுதல், துணிக்கும் விளம்பரத்துக்கும் வடிவமைத்தல், கலை வரலாறு, பிறகு பல்கலைக்கழகம், ஆசிரியர் வேலை என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் நல்லாய்க் கேட்டார். ஆனால் பார்வை முழுக்கச் சுவரில் இருந்தது. அங்கே ஒரு குத்துவிளக்கும், அதற்கு மேலே வெறும் ஆணியும் இருந்தன. நான் பார்ப்பதைக் கண்டு அவராகவே சொன்னார், ஐயாவின் படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அது கடையில் மேசைக்கு மேலே தொங்கியது, கடையோடு போய்விட்டது, திவசத்துக்கு வெறும் விளக்குத்தான் கொளுத்துகிறோம் என்று. அவர் தன் தகப்பனை ஐயா என்றுதான் சொல்வார்.

தேத்தண்ணீரைக் கீழே வைத்தேன். ஆனாலும் வாசுகி இல்லாமல் எழும்புவதில்லை என்று கதிரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தேன். பெற்றோர் தினத்துக்குக் கண்காட்சி வைக்கிறேன், அதுவரைக்கும் மட்டும் விடுங்கள் என்றேன். அவருக்குள்ளே இருந்த வியாபாரி வெளியே வந்தார்.

"நான் கண்ணால காணாமல் ஒரு சாமான் எடுத்ததில்லை ரீச்சர். கொண்டந்து காட்டுங்கோ, பிடிக்காட்டி அண்டைக்கே நிப்பாட்டிப்போடுவன்."

பிரதம விருந்தினரின் மாலை

கண்காட்சிக்கு வாசுகி கொண்டுவந்த படத்தைக் கண்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. மத்தியானம் சாய்மனைக் கதிரையில் நித்திரைகொள்ளும் அப்பாவை அடுப்புக்கரியால் கீறியிருந்தாள். நெற்றிச் சுருக்கம், சரிந்த மீசை, ஒன்றும் தப்பவில்லை. கண் மூடியிருக்கிறதே என்றேன். "மூடித்தான் கிடந்தது ரீச்சர்" என்றாள். என் சட்டம்தானே, நான் என்ன சொல்ல? வாங்க வருகிறவர் முதலில் நல்ல சாமானைக் காணட்டும் என்று மண்டபத்தின் நடுச்சுவரில் அதை மாட்டிவிட்டு, வாசல் சோடனைக்குப் போனேன். சோடனை என் தலைவிதி.

நான் போன இடைவெளியில் சைவசமய மாஸ்டர் வந்திருக்கிறார். வடமராட்சியில் இருந்து அந்த மாதம்தான் மாற்றலாகி வந்தவர், ஊரில் ஒருவரையும் தெரியாது. நடுச்சுவர், பெரிய மனிதர், மூடிய கண். பள்ளிக்கூடத்தைக் கட்டியவராக்கும் என்று நினைத்து, பிரதம விருந்தினருக்கு வைத்திருந்த மாலையை எடுத்துப் படத்துக்குப் போட்டு, முன்னால் விளக்கு வைத்து ஊதுவத்தியும் கொளுத்திவிட்டார். அந்த நேரம் பார்த்து நயினாதீவில் இருந்து லோஞ்சுப் படகில் முதலாளியின் ஒன்றுவிட்ட தங்கச்சி வந்து இறங்கி, மண்டபத்துக்குள் காலை வைத்தா. "ஐயோ என்ர அண்ணை! எனக்கொரு சொல் அனுப்பேல்லையே!" என்று தரையில் விழுந்து குளற, விசயம் தெரியாத பெண்கள் சிலரும் கூடச் சேர்ந்து குளறத் தொடங்கினார்கள்.

நான் ஓடி வருகையில் முதலாளி வாசலில் நின்றார். அவரைக் கண்டதும் குளறல் பாதியில் நின்றது. வகுப்பு போய்விட்டது, திறப்பைக் கொடுக்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன். வாசுகி என் முதுகுக்குப் பின்னால் நின்று அழுதாள். அவர் ஒருவரையும் பாராமல் நேரே படத்துக்கு முன்னால் போய் நின்றார். திரும்பியபோது கண் கலங்கியிருந்தது.

"இது நானில்லை ரீச்சர். செத்தவீட்டில பெட்டிக்குள்ள ஐயா இப்பிடித்தான் கிடந்தவர். கண்ணைத் திறந்தபடி ஒண்டு கீற ஏலுமோ?"

ஐயாவின் கண்

அந்த ஐயாவை, அதாவது தன் அப்பப்பாவை, வாசுகி கண்டதில்லை. "கண்டதை மட்டும்தானே கீறவேணும் ரீச்சர்?" என்று என்னையே மடக்கினாள். கரும்பலகையில் இருந்த என் சட்டத்தை ஒரு தரம் பார்த்தேன். "அப்பா கண்டவர்தானே, அவரைக் கேட்டுக் கேட்டுக் கீறு" என்றேன். அடுத்த வெள்ளிக்கிழமை முதலாளி எங்கள் அறைக்கு வந்து கதிரையில் இருந்தார். காது இன்னும் பெரிது, புருவம் அடர்த்தி, வாய் மூடவே கூடாது, கடையில் எப்பவும் யாரையாவது ஏசிக்கொண்டு இருப்பார் என்று சொல்லச் சொல்ல, வாசுகி மகனின் முகத்தைப் பார்த்துத் தகப்பனின் முகத்தைக் கீறினாள். எத்தனையோ தரம் அழித்தாள், எத்தனையோ தரம் அவர் தலையை ஆட்டினார். ஒரு வெள்ளிக்கிழமை அவர் தலையை ஆட்டவில்லை. தாளைப் பார்த்துவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரிக் கதிரையில் ஒழுங்காக நிமிர்ந்து இருந்தார். முதலாளியே படத்துக்கு இருந்துவிட்டார் என்று தெரிந்ததும் ஊரில் மற்றவர்களின் பயமும் போய்விட்டது. கந்தையா அண்ணையை அவருடைய மனைவியே கூட்டிக்கொண்டு வந்து இருத்தினா.

அந்த வருடத் திவசத்துக்கு ஆணியில் படம் ஏறியது. பத்துப் பேரும் சோதனை எடுத்தார்கள், வாசுகியை முதலாளியே பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார். அவளுக்குச் சாதாரண சித்திக்கு ஒரு படி மேலான தேர்ச்சி, திறமைச் சித்தி, வந்தது. நான் சந்தோசத்தில் இனிப்பு வாங்கிக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போனால், அவர் விறாந்தையில் கோபமாக நடந்துகொண்டிருந்தார். திறமைச் சித்திக்கு மேலே இன்னொன்று இருக்கிறது என்று யாரோ சொல்லிவிட்டார்களாம்.

"சோதனைக்காரருக்கு என்ன தெரியும் ரீச்சர்? அவை என்ர ஐயாவைக் கண்டவையோ?"

ஆகவே, உயர்தரத்தில் சித்திரம் எடுத்தால் என்ன எதிர்பார்க்கலாம் என்று கேட்டு வருகிற பெற்றோருக்கு, பிள்ளை பழத்தைத் தின்னாமல் ஒரு கிழமை பார்த்துக்கொண்டிருக்கப் பழகட்டும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் இன்றைக்கும் சொல்லி அனுப்புகிறேன்.